நான்கு விரல் சாம்பல்

அந்தப் பெட்டியைத் திறந்த அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணூரில் நான் அறிவியல் நடத்தும் நடுநிலைப் பள்ளிக்கு ஒரு கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி அது. மூடியில் பளபளவென்று அச்சடித்த படம், உள்ளே பஞ்சு வைத்துப் பிளாஸ்டிக் சாமான்கள். ஒரு குழாயில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று சாய மணலை அடுக்கி, ‘பூமியின் வரலாறு’ என்று ஒட்டியிருந்தார்கள். நீல மண் எந்த ஊரில் ஐயா இருக்கிறது? பக்கத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு சிப்பி. அதுதான் புதைபடிவமாம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற பள்ளிக்கூடத்துக்குச் சிப்பியைப் பிளாஸ்டிக்கில் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரன் ஒருவன் அதை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தான்.

“டூப்பு மிஸ்” என்றான்.

அதற்கு மேல் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் சிரித்தபடி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினோம். அந்தப் போட்டோவில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பெட்டியிலிருந்த லிட்மஸ் தாள்கள் கடல்காற்றில் நமுத்து, எது சிவப்பு எது நீலம் என்றே தெரியாமல் கிடந்தன. ஓரமாகப் போட்டேன். சார்ட் பேப்பரைப் பட்டை பட்டையாக வெட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டோம். காய்ந்த தாளைச் சோப்புத் தண்ணீரில் தொட்டதும் சிவந்தது. “ஐ, ஆரத்தித் தண்ணி!” என்று வகுப்பே கத்தியது. ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்கிறது, இங்கே மஞ்சளோடு சோப்பு சேர்கிறது, இரண்டும் காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் போகிற விஷயம் அரை நிமிடத்தில் முடிந்தது. அமிலத்துக்கு, தள்ளுவண்டியில் ஃபிரைடு ரைஸ் போடுகிறவரின் மகள் பாதி பாட்டில் வினிகர் கொண்டுவந்தாள். கிளிஞ்சலை அதில் போட்டதும் நுரைத்துக்கொண்டு குமிழ் கிளம்பியது. பிள்ளைகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள்.

அடுத்த பாடம் மண் அடுக்குகள். பழையது கீழே, புதியது மேலே, ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். சாய மணல் குழாயைக் கையில் எடுத்தபோதே எனக்கு வெறுப்பாக இருந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் வாய் திறக்காத பெண்.

“நெஜ மண்ணே எடுத்தாரலாம் மிஸ். எங்க அம்மா டெய்லி ஆத்துலதான் கீது.”

அவளுடைய அம்மா ஆற்றில் கையால் இறால் பிடிக்கிறவர். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கால்விரலால் தரையைத் தடவிக்கொண்டே போய், குனிந்து கையால் துழாவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுவதற்குப் பறி என்று ஒரு ஓலைக்கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மண் கேட்டதும் அந்த அம்மா ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் பைப்பை வாங்கிக்கொண்டு போனார். ஆற்றின் நடுவில் அதைச் செங்குத்தாக இறக்கி, மேல் வாயை உள்ளங்கையால் அடைத்து, காற்றுப் போகாமல் உருவி எடுத்துவந்தார். அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நண்டு வளையில் கைவைக்கிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

பைப்பை ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தோம். உள்ளே மூன்று அடுக்கு. மேலே வெளிர்சாம்பல் நிறத்தில் மாவு போல நான்கு விரல். அதன்கீழே கெட்டியான பழுப்புச் சேறு. அடியில் உடைந்த கிளிஞ்சல். அந்த அம்மா பைப்பைத் தரையில் வைக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலால் ஒவ்வொரு அடுக்கையும் அழுத்திப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“கையில தெரியாது டீச்சரு. காலுலதான் தெரியும்” என்றார். “இத்த பாரு, இது கரண்டு எடுக்கற எடத்துல கரி எரிச்சி வுடற சாம்பலு. காலு பொதபொதன்னு எறங்கும், இறாலு நிக்காது. இது கீது பாரு, இந்த கெட்டி சேறு, இதான் பழைய தரை. இவள வயித்துல வெச்சிகினு ஆத்துல எறங்கசொல்ல, நா இதும்மேலதான் நின்னேன். அப்போல்லாம் சாம்பலு இல்ல. அடியில கிளிஞ்சலு கீதே, அது நா பொறக்கறதுக்கும் முன்ன.”

மண் அடுக்கில் காலம் குறிப்பது எப்படி என்று இரண்டு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கட்டைவிரலால் குறித்துவிட்டுப் போய்விட்டார்.

மகள் அந்த நான்கு விரல் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்டின்னா இது மொத்தமும் என் வயசா மிஸ்?”

ஆமாம் என்றுதான் சொல்ல முடியும். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலந்து மஞ்சள் தாளை நனைத்தோம். குப்பென்று சிவந்தது. “ஆத்துக்கே ஆரத்தி எடுத்துகினு கீறானுங்க மிஸ்” என்றான் முதல் பெஞ்சுக்காரன். கிளிஞ்சல் அடுக்கில் வினிகர் விட்டதும் நுரைத்தது. அவள் மூன்று சீட்டு எழுதி ஓரத்தில் குத்தினாள். அடியில், ‘அம்மா பிறப்பதற்கு முன்’. நடுவில், ‘அம்மா நின்ற தரை’. மேலே, ‘என் வயசு’.

ராயபுரத்தில் ஒரு பெரிய பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு செய்முறைதான் போகலாம். இதுதான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். தலைமை ஆசிரியர் வந்தார், குனிந்து பார்த்தார், சீட்டைப் படித்தார், நிமிர்ந்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். மேல இருக்கிற சாம்பலை மட்டும் சுரண்டிடுங்க.”

“எதுக்கு சார்?”

“சிறப்பு விருந்தினரே பெட்டி குடுத்த கம்பெனிக்காரர்தான்.”

“சாம்பல் அவங்களுது இல்லியே சார்.”

“இல்லன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நம்மளைத்தான் சொல்றாங்கன்னு அவங்க நெனச்சுட்டா? அடுத்த பெட்டி வராது.”

“வராட்டி நிம்மதி” என்றேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். கெட்டவன் சொன்னால் எதிர்த்துச் சண்டை போடலாம். இவர் கூரை ஒழுகுவதையும், கழிவறைக்குக் கதவில்லாததையும், யார் யாரிடமோ பல்லிளித்துத்தான் சரிசெய்கிறார் என்பதையும் சொல்லிப் புலம்புவார். யாருடையது என்றே கேட்காமல், யாரோ கொட்டிய சாம்பலுக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்? கொட்டுகிறவனுக்கு வராத வெட்கம் எங்களுக்கு ஏன் வருகிறது? இதையெல்லாம் வகுப்பறை வாசலில் நின்று கத்தினேன். பிள்ளைகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு அந்தப் பெண் வந்தாள். “அத்த எடுத்துட்டா நா வர்ல மிஸ். என் வயச எடுத்துட்டு நா இன்னாத்தப் போயி சொல்றது?”

“எவனும் எடுக்க மாட்டான்” என்றேன். “நான் இருக்கேன்.”

இருந்து என்ன கிழித்தேன்? கண்காட்சிக்கு முந்தைய நாள், பைப்பைப் பள்ளியில் வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனதும் பியூனைவிட்டுச் சுரண்டச் சொல்லிவிடுவார் என்று சந்தேகம். ஒரு பலகையில் வைத்து, மேலே பாலித்தீன் தாள் சுற்றி, “பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோ, காலையில நேரா ஷேர் ஆட்டோ நிக்கிற இடத்துக்கு வந்துடு” என்று அவளிடமே கொடுத்தனுப்பினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

காலையில் அம்மாவும் மகளும் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். அந்த அம்மா மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்தார். மகள் முகம் அழுது வீங்கியிருந்தது. பலகையின் மேல் சுற்றியிருந்த பாலித்தீனை விலக்கினேன். கிளிஞ்சல் பளிச்சென்று இருந்தது. பழுப்புச் சேறு துடைத்துவிட்டது மாதிரி வழவழவென்று இருந்தது. மேலே நான்கு விரல் நீளத்துக்கு வெறும் பைப். ‘என் வயசு’ என்ற சீட்டு மட்டும் ஓரத்தில் நின்றது.

“நாந்தான் டீச்சரு கழுவுனேன்” என்று அந்த அம்மா சிரித்தபடி சொன்னார். “அவ்ளோ பெரிய ஸ்கூலுக்கு எடுத்துகினு போற சாமான், இப்டி கலீஜாவா போவும்? ராத்திரி இவ தூங்கசொல்ல நல்லா மூணு தபா ஊத்தி கழுவிட்டேன்.”

எனக்கு வந்ததே கோபம். தலைமை ஆசிரியர்மேல் வைத்திருந்தது, அந்தப் பெட்டிமேல் வைத்திருந்தது, எல்லாவற்றையும் சேர்த்து அந்த அம்மாமேல் கொட்டினேன். “அறிவிருக்கா உனக்கு? எதைக் கழுவணும் எதைக் கழுவக்கூடாதுன்னுகூடவா தெரியாது? அவங்க சுரண்டச் சொன்னதை நீயே செஞ்சு குடுத்திருக்கியே! இதுக்குத்தான் நான் இத்தனை பேரோட சண்டை போட்டேனா?” ஷேர் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவரை நீங்க என்றுதான் பேசியிருந்தேன். அன்றைக்கு வாயில் நீ வந்தது, உனக்கு வந்தது. நானும் வடசென்னைக்காரிதான், ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் என்று பள்ளியில் பீற்றிக்கொள்வேன். அந்த இடத்தில் நான் படித்த திமிர் மட்டும்தான் நின்றது.

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. மகள்தான் பேசினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அம்மாவ திட்டாதீங்க மிஸ். அது இறாலையே கழுவித்தான் விக்கும். சாம்பலோட எடுத்துகினு போனா ஒருத்தரும் கையால தொட மாட்டாங்க. செவுளுக்குள்ள கீற சாம்பல்கூட வெரல வுட்டு கழுவும். அதுக்கு இன்னா தெரியும்?”

தெரியாதது எனக்குத்தான். எட்டு வருடமாக அந்தப் பள்ளியில் இருக்கிறேன். இறாலை மூன்று முறை கழுவுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆற்றில் எதை எடுத்தாலும் முதலில் சாம்பலைக் கழுவ வேண்டும் என்பது அவர்களுக்குக் கை கழுவுகிற மாதிரி ஆகிவிட்டது என்று தெரியாது. நான் வாங்கித் தின்ற இறாலையெல்லாம் யாரோ எனக்காகக் கழுவியிருக்கிறார்கள்.

அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

“கழுவுன தண்ணிய கொட்டல டீச்சரு” என்றார். “பக்கெட்டுல வூட்டாண்ட கீது. பாத்ரூமுக்கு ஆவும்னு வெச்சேன்.”

லாரி வந்தால்தான் தண்ணீர் என்கிற தெருவில் யாரும் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட வீணாகக் கொட்ட மாட்டார்கள். ஓட்டமும் நடையுமாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாசல் ஓரத்தில் நீல நிற பிளாஸ்டிக் வாளி. மேலே தெளிந்த தண்ணீர். அடியில், ராத்திரி முழுக்க அசையாமல் படிந்த சாம்பல், வட்டமாக, ஒரே சீராக. மகள் குனிந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்கயும் அடுக்காதான் ஒக்காந்துகீது மிஸ்.”

ஷேர் ஆட்டோக்காரர் வாளியைப் பார்த்து முறைத்தார். “இன்னாம்மா, தண்ணிய எடுத்துகினு எங்க போறீங்க, சீட்டெல்லாம் நனையும்” என்றார். அந்த அம்மா வாளியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். திருவொற்றியூர் தாண்டி, காசிமேடு தாண்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கை வாளியைத் தூக்கித் தூக்கிப் பிடித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரும் என் பக்கம் திரும்பவில்லை.

கண்காட்சிக் கூடத்தில் எங்களைச் சுற்றி எரிமலைகள் வினிகரும் சமையல் சோடாவும் கக்கிக்கொண்டிருந்தன. எங்கள் மேசையில் தலை வெறுமையான ஒரு பைப், ஒரு வாளி, மஞ்சள் தாள்கள். ஆட்டோவில் கலங்கியது மறுபடியும் படிந்திருந்தது. தலைமை ஆசிரியர் தூரத்திலிருந்தே பைப்பின் காலியான மேல்பகுதியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து வந்தார். பக்கத்தில் வந்து வாளியைப் பார்த்ததும் மலர்ச்சி போயிற்று. அதற்குள் விருந்தினர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கூட நான்கு பேர்.

“மேல் அடுக்கு ஏன் காலியா இருக்கு?” என்று கேட்டார்.

“அம்மா கழுவிட்டாங்க சார்” என்றாள் அவள். “பக்கெட்ல கீது. அதுதான் சார் என் வயசு.”

அவள் ஒரு மஞ்சள் தாளை எடுத்துக் கையை முழங்கைவரை விட்டு, அடியில் தொட்டு எடுத்தாள். தாள் சிவந்திருந்தது. அம்மா நின்ற தரை எது, எதற்குமேல் சாம்பல் ஏறியது, அது ஏறிய வருடங்களில்தான் தான் வளர்ந்தேன் என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். விருந்தினர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“குழந்தை நல்லாப் பேசுது. ஆனா பைப் சுத்தமா இருக்குது பாருங்க, அதான் அழகு. இந்த அழுக்குத் தண்ணி எதுக்கு நடுவுல? எடுத்துக் கீழ ஊத்திடுங்க.”

தலைமை ஆசிரியர் அந்த அம்மாவைப் பார்த்துக் கண்ணால் வாளியைக் காட்டினார். அந்த அம்மா குனிந்து வாளியின் பிடியைப் பிடித்தார். தூக்கினார். தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

“எங்க சார் ஊத்துறது?”

“வெளில எங்கியாவது, கால்வாய்ல ஊத்துங்கம்மா” என்றார் விருந்தினர்.

“கால்வா சுத்திகினு கடலுக்குத்தானே சார் வரும். கடலு ஏறுனா எங்க ஆத்துக்கு வரும். நாளைக்கி காலைல நா எறங்கசொல்ல என் காலாண்டதான் நிக்கும்.” சத்தமே போடவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார். “வேற எடம் இருந்தா சொல்லுங்க சார். ஊத்திட்டு வந்துர்றேன்.”

விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட வந்தவர்கள் அடுத்த மேசைக்குக் கை காட்டினார்கள். அங்கே ஒரு எரிமலை பொங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பிள்ளை தேர்வாகவில்லை. மதிப்பீட்டுத் தாளில், ‘மேல் அடுக்கு முழுமையாக இல்லை’ என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை அங்கேயே நான்காகக் கிழித்தேன். கிழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும், இருந்தும் கிழித்தேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், வாளியை நான் என் முழங்காலுக்கு நடுவில் வாங்கிக்கொண்டேன். புடவை நனைந்தது.

“காலையில அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சுக்கங்க” என்றேன்.

அந்த அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “திட்னதுக்கு இல்ல டீச்சரு. என் ஆளுங்ககூட திட்டும். புள்ள முன்னாடி அறிவிருக்கான்னு கேட்ட பாரு, அதான் பேஜாராப் பூட்ச்சி.” பிறகு திரும்பி வாளியைப் பார்த்து, “பக்கெட்ட பத்திரமா புடி, சிந்திகினு கீது” என்றார்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். வாளி எங்கள் அறிவியல் அறையில், என் மேசைக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் வற்றி, சாம்பல் மட்டும் இறுகிக் கிடக்கிறது. வாளியின் மேல் அவள் எழுதிய ‘என் வயசு’ சீட்டை ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு எட்டாம் வகுப்பும் அதில் தண்ணீர் விட்டு, மஞ்சள் தாளை நனைத்துப் பார்க்கிறது. கம்பெனியின் இரண்டாவது பெட்டியும் வந்து சேர்ந்துவிட்டது. அதிலும் நீல மணல்தான். யாராவது பள்ளியைப் பார்வையிட வருகிறார்கள் என்றால் தலைமை ஆசிரியர் என் மேசைக்கு வந்து, அந்த வாளியை எடுத்துக் கொட்டிவிடச் சொல்கிறார்.

“சரி சார், கொட்டிடறேன்” என்கிறேன் நான். “எங்க கொட்டணும், அதை மட்டும் சொல்லுங்க.”